ரொறன்ரோவில் இப்போது என்ன நேரம்? யாழ்ப்பாணத்திலிருந்து எண்ணும் முறை

யாழ்ப்பாணத்தில் இரவு 7 மணி என்றால் ரொறன்ரோவில் அன்று காலை 8.30. இது நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரைக்கும் சரி. மிச்ச எட்டு மாதமும் அதே 7 மணிக்கு அங்கே 9.30. இங்கே யாரும் மணிக்கூட்டைத் தொடுவதில்லை. ஆனாலும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் மாறிவிடுகிறது.

பிள்ளைகள் கனடாவில் இருக்கிற வீடுகளில் இந்த இரண்டு எண்ணையும் வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்கள். அரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது, மார்ச்சில் ஏன் மாறுகிறது, அப்பாவின் திவசத்தை அங்கே எந்தத் திகதியில் செய்வது என்று கேட்டால்தான் தடுமாற்றம். மணிக்கூடு ஒரு கணக்கில் ஓடுகிறது, சூரியன் இன்னொன்றில், பஞ்சாங்கத்துத் திதி மூன்றாவதொன்றில். எந்தக் காரியத்துக்கு எதைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கூட்டலும் கழித்தலும்தான்.

சூரியக் கணக்கு

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. மணித்தியாலத்துக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். யாழ்ப்பாணம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகை நெடுங்கோட்டில் இருக்கிறது. ரொறன்ரோ மேற்கே 79.4 பாகையில். கிரீன்விச்சை நடுவில் வைத்தால் இரண்டு ஊரும் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஏறக்குறைய சம தூரம். கூட்டினால் 159.4 பாகை. நான்கால் பெருக்கினால் 637.6 நிமிடம், அதாவது 10 மணித்தியாலம் 38 நிமிடம். நல்லூர்க் கோபுரத்துக்கு நேரே வந்த சூரியன் ரொறன்ரோவின் உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேர இவ்வளவு நேரம் எடுக்கும்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்தே மணிக்கூட்டை வைத்தது. ரயில் வந்ததும் அது சரிவரவில்லை. ஊருக்கு ஊர் நாலு நிமிடம், ஏழு நிமிடம் என்று வித்தியாசப்பட்டால் நேர அட்டவணை போட முடியாது. உலகத்தை வலயங்களாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை ரயில்பாதைப் பொறியியலாளர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1879இல் முன்வைத்தது ரொறன்ரோவில்தான். 1883 நவம்பர் 18இல் வட அமெரிக்க ரயில்கள் வலய நேரத்துக்கு மாறின. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சைப் பூச்சியப் பாகையாக ஏற்றது.

இலங்கை 1906இல் கிரீன்விச்சுக்கு 5.30 மணித்தியாலம் முந்திய நேரத்தை எடுத்தது. அரை மணித்தியாலம் வந்த வழி இதுதான். 5 மணித்தியாலம் என்றால் 75 பாகைக் கோடு, 6 என்றால் 90 பாகைக் கோடு. இந்தியாவும் இலங்கையும் இரண்டுக்கும் நடுவில் கிடப்பதால் 82.5 பாகையைப் பிடித்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், அந்த 82.5 பாகைக் கோடு இலங்கை மண்ணில் எங்கேயும் விழவில்லை. கிழக்கே கடலுக்குள் போகிறது. ஆகவே நாடு முழுக்கச் சூரியன் மணிக்கூட்டுக்குப் பின்னால்தான் வருகிறது. யாழ்ப்பாணம் இரண்டரைப் பாகை மேற்கே இருப்பதால் இங்கே பத்து நிமிடப் பிந்தல்: உச்சிப்பொழுது சராசரியாக மத்தியானம் 12.10. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு என்பதால் இந்தப் பத்து நிமிடமும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி நிற்காது. பெப்ரவரி நடுவில் உச்சி 12.24 ஆகும், நவம்பர் முதல் வாரத்தில் 11.53க்கே வந்துவிடும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை முற்றத்தில் பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளத் தடியைத் தூக்குக்குண்டு பிடித்து நிமிர்த்தி நட்டு, 11.30இலிருந்து 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கல் வைக்க வேண்டும். மிகக் குட்டையான நிழல் விழுந்த நேரம்தான் உச்சி. தடி சாய்ந்திருந்தால் விடை பத்து, பதினைந்து நிமிடம் பிழைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் இதைச் செய்ய வேண்டாம். அப்போது சூரியன் யாழ்ப்பாணத்தில் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் தடியின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும், எதை அளப்பது? ரொறன்ரோவில் அந்தச் சிக்கலே இல்லை. 43.65 பாகை வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு மேல் வராது. ஜூன் மாத உச்சத்தில்கூட 70 பாகை உயரம்தான். டிசம்பரில் 23 பாகை. மத்தியானமும் பின்னேர வெயில் மாதிரிச் சாய்ந்தே விழும்.

மார்ச்சில் ஏன் மாறுகிறது

ரொறன்ரோவின் இயல்பு நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணித்தியாலம் பிந்தியது. எங்களுடைய 5.30ஐயும் அந்த 5ஐயும் கூட்டினால் 10.30. சூரியக் கணக்கில் வந்த 10.38க்கும் இதற்கும் எட்டு நிமிடம்தான் இடைவெளி. ஆகவே குளிர்காலக் கணக்குத்தான் உண்மைக்குக் கிட்ட நிற்பது. கோடைக் கணக்கு மனிதர் தூக்கி நகர்த்தி வைத்தது.

மார்ச் இரண்டாம் ஞாயிறு விடியப்புறம் 2 மணிக்கு ரொறன்ரோ மணிக்கூடுகள் 3க்குத் தாவும். நவம்பர் முதல் ஞாயிறு விடியப்புறம் 2 மணிக்குத் திரும்ப 1க்கு வரும். மாறும் கணம் யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பகல்: மார்ச்சில் 12.30, நவம்பரில் 11.30. இடைப்பட்ட காலத்தில் வித்தியாசம் 9.30. கனடா இந்தத் திகதிகளைக் கைக்கொள்வது 2007இலிருந்து. அதற்கு முன் ஏப்ரலில் தொடங்கி ஒக்ரோபரில் முடிந்தது. பழைய கடிதங்களில் எழுதிய நேரத்தையோ பழைய பிறந்த நேரத்தையோ கணக்கிடுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. நகரம் முழுவதும் மணிக்கூட்டை முன்தள்ளும் வழக்கத்தை உலகில் முதலில் செய்து பார்த்ததும் ஒன்ராறியோ மாகாணத்து ஊர்தான்: போர்ட் ஆர்தர், 1908 ஜூலை 1. இப்போது அந்த ஊர் தண்டர் பே நகரத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த மாற்றத்தை நிறுத்திவிட்டு ஆண்டு முழுவதும் கோடை நேரத்திலேயே இருக்கலாம் என்று ஒன்ராறியோ சட்டமன்றம் 2020இல் சட்டம் இயற்றியது. ஆனால் நியூயோர்க்கும் கியூபெக்கும் கூட வந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பது நிபந்தனை.

அவர்களுக்குத் தேவைப்படுவது ஏன், எங்களுக்குத் தேவைப்படாதது ஏன்? பகலின் நீளத்தைப் பார்த்தால் விளங்கும். யாழ்ப்பாணத்தில் ஜூன் 21ஆம் திகதி சூரியன் 5.51க்கு எழுந்து 6.32க்கு விழும். டிசம்பர் 21இல் 6.21க்கு எழுந்து 5.54க்கு விழும். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான். ரொறன்ரோவில் ஜூன் 21 பகல் 5.36இலிருந்து இரவு 9.03 வரை, பதினைந்தரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பர் 21இல் 7.48க்குத்தான் விடியும், 4.43க்குப் பொழுதுபடும். ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. மணிக்கூட்டை முன்தள்ளாவிட்டால் ஜூனில் அங்கே 4.36க்கே விடிந்துவிடும், ஆட்கள் நித்திரையில் கிடக்க வெளிச்சம் வீணாகப் போகும். அதைத் தூக்கிப் பின்னேரத்தில் போடுவதுதான் கோடை நேரம்.

இலங்கையும் இதைச் செய்து பார்த்ததுண்டு. 1996இல் மின்சாரம் தட்டுப்பட்டபோது மே 25இல் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்ரோபர் 26இல் அதில் பாதி திரும்பியது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. அந்தப் பத்தாண்டில் ஜனவரிக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சூரியன் காலை 7 மணிக்குத்தான் எழும். பள்ளிக்கூட மணியோ 7.30க்கு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகிறவர் முகமாலையைக் கடந்து வன்னிக்குள் நுழைந்தால் அரை மணித்தியாலம் பின்னே, ஓமந்தையைக் கடந்து வெளியே வந்தால் அரை மணித்தியாலம் முன்னே. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம். இந்த விஷயம் சாதகத்தில் திரும்ப வரும்.

மனக்கணக்கு

10.30ஐ மனத்தில் கழிக்கப் போனால் பெரும்பாலும் பிழைக்கும். 12 மணித்தியாலத்தைப் புரட்டிவிட்டுச் சிறிய எண்ணைக் கூட்டுவது சுகம்.

யாழ்ப்பாண நேரத்திலிருந்து ரொறன்ரோ நேரம்: பகலை இரவாக, இரவைப் பகலாகப் புரட்டுங்கள், குளிர்காலத்தில் ஒன்றரையைக் கூட்டுங்கள், கோடையில் இரண்டரையை. இங்கே பின்னேரம் 6 மணி. புரட்டினால் காலை 6. குளிர்காலமென்றால் 7.30, கோடையென்றால் 8.30.

ரொறன்ரோ நேரத்திலிருந்து யாழ்ப்பாண நேரம்: புரட்டிவிட்டு அதே எண்ணைக் கழியுங்கள். அங்கே இரவு 9 மணி. புரட்டினால் காலை 9. குளிர்காலத்தில் இங்கே காலை 7.30, கோடையில் 6.30.

திகதிக்கு ஒரே விதிதான். ரொறன்ரோ எப்போதும் பின்னால் வருகிற ஊர். யாழ்ப்பாணத்தில் காலை 10.30 ஆகும்வரை (கோடையில் 9.30) அங்கே இன்னும் நேற்றுத்தான். அதற்குப் பிறகு நள்ளிரவு வரை இரண்டு ஊருக்கும் ஒரே திகதி. பிறந்தநாள் வாழ்த்து ஒருநாள் முந்திப் போவதும், "நாளைக்கு எடுக்கிறன்" என்று சொன்னவர் எடுக்காததுபோல் தோன்றுவதும் இதனால்தான். செவ்வாய் காலை 8 மணிக்கு நீங்கள் "நாளைக்கு" என்றால் உங்களுக்கு அது புதன். கேட்பவருக்கு அது திங்கள் இரவு, அவருடைய நாளை செவ்வாய். கிழமையைச் சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

"பின்னேரம் வாங்கோ" என்ற சொல்லும் கடல் தாண்டினால் அர்த்தம் மாறும். யாழ்ப்பாணத்தில் பின்னேரம் என்றால் 3.30க்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் நடுவில். ஆண்டு முழுக்க அது பெரிதாக அசையாது. ரொறன்ரோவில் ஜூலை மாதம் இரவு 8 மணிக்கும் வெயில் நிற்கும், பிள்ளைகள் வெளியே பந்தடிப்பார்கள். டிசம்பரில் 5 மணிக்குத் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

எந்த நேரத்தில் எடுப்பது

யாழ்ப்பாணம் விடியலுக்கு முன்னே எழும்புகிற ஊர். கோவில் மணி, சந்தைக்குப் போகும் மரக்கறி, 7.30க்குப் பள்ளிக்கூடம் என்று வேலையின் பாதி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்கும். திரும்பக் களைகட்டுவது நாலு மணிக்குப் பிறகு. ஆண்டைப் பிரிப்பதும் இங்கே வெளிச்சமல்ல, காற்றும் மழையும்: சோளகம் வீசும் மாதங்கள், பிறகு மாரி, பிறகு வாடை. ரொறன்ரோவில் ஆண்டைப் பிரிப்பது வெளிச்சமும் குளிரும். டிசம்பரில் ஒன்பது மணி வேலைக்குப் போகிறவர் இருட்டோடு வெளிக்கிட்டு இருட்டுக்குள் திரும்புவார். வார நாட்களில் நிலக்கீழ் ரயில் காலை 6 மணியளவில் தொடங்கும். ஞாயிறு என்றால் 8 மணியளவில்தான். அந்த ஊரின் ஞாயிறு பிந்தி எழும்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஞாயிறு பின்னேரம் 5 மணிக்கு இங்கே தேத்தண்ணி குடித்த உற்சாகத்தில் நீங்கள் வட்ஸ்அப்பில் அழைத்தால், குளிர்காலத்தில் அங்கே காலை 6.30; அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே நீண்ட நித்திரை கலைந்துபோகும்.

குளிர்காலத்துக்கு இரண்டு சன்னல்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 6 முதல் இரவு 9.30 வரை எடுத்தால் அங்கே காலை 7.30 முதல் 11. வார நாட்களில் இதன் முதல் பகுதி வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற அவசரம், பேசக் கிடைக்காது. சனி ஞாயிறுக்கு இது நல்லது. மற்றது யாழ்ப்பாணத்தில் காலை 6 முதல் 8.30 வரை: அங்கே முதல்நாள் இரவு 7.30 முதல் 10. வார நாட்களில் நின்று பேச இதுதான் தோது. கோடையில் அங்கே ஒரு மணித்தியாலம் கூடுவதால் காலையில் 7.30க்குள் முடித்துவிடுங்கள், பின்னேரத்தில் 5 மணிக்கே தொடங்கலாம். இங்கே காலை 10.30 முதல் பின்னேரம் 4.30 வரை அங்கே நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் எடுப்பவர் "ஆருக்கு என்ன நடந்தது?" என்றுதான் கேட்பார். அவசரமில்லாததைக் குரல்பதிவாக அனுப்பிவிடுங்கள்.

அலுவலக வேலைக்கோ பொதுச் சன்னலே இல்லை. இங்கே வங்கி காலை 9 முதல் பின்னேரம் 3 வரை திறந்திருக்கும்போது அங்கே இரவு 10.30 முதல் விடியப்புறம் 4.30. கனடாவில் வெள்ளி பின்னேரம் 5 மணிக்குக் காசு அனுப்பினால் இங்கே அது சனி விடியப்புறம் 3.30. வங்கி மூலம் போகிற காசு திங்களுக்கு முன் அசையாது. திங்கள் காலையிலேயே கையில் தேவையென்றால் அங்கே புதன் இரவுக்குள் அனுப்பச் சொல்லுங்கள். வியாழனும் வெள்ளியும் இங்கே வேலை நடக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "கிழக்கு நேரம் இரவு 11.59" என்று கடைசி நேரம் போட்டிருந்தால் அது எங்களுக்கு மறுநாள் காலை 10.29 (கோடையில் 9.29). இதை நம்பி மறுநாள் காலைக்குத் தள்ளிவைப்பது புத்தியல்ல, மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்.

பிழைக்கிற இடங்கள்

மாதாமாதம் நடக்கும் சூம் கூட்டத்தை எடுங்கள். பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை, எதுவானாலும். கனடாவில் இருக்கும் செயலாளர் தன் தொலைபேசியில் ஞாயிறு காலை 9 மணி என்று போட்டால், குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இரவு 7.30. மார்ச் மாற்றத்துக்குப் பிறகு அதே கூட்டம் இங்கே 6.30க்கு வரும். செயலாளர் யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு 7.30 என்று போட்டால் நகர்வது கனடாப் பக்கம்: 9 மணி 10 ஆகும். எந்த ஊர் நேரம் நிலையானது என்பதை அழைப்பிலேயே எழுத வேண்டும். "கொழும்பு நேரம் 7.30, ஆண்டு முழுவதும்" என்ற ஒரு வரி போதும்.

லண்டனில் இருப்பவரும் சேர்ந்தால் மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும், ஒக்ரோபர் முடிவில் ஒரு வாரமும் குழப்பம். பிரித்தானியா மணிக்கூட்டை மாற்றுவது மார்ச்சிலும் ஒக்ரோபரிலும் கடைசி ஞாயிறு. கனடா மார்ச்சில் முந்தி, நவம்பரில் பிந்தி. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வழமையான 5 மணித்தியாலம் அந்த வாரங்களில் 4 ஆகிவிடும். சிட்னி இன்னும் வேறு: அங்கே கோடை எங்கள் மாரியோடு வருவதால் ஒக்ரோபர் முதல் ஞாயிறு முன்தள்ளி ஏப்ரல் முதல் ஞாயிறு திருப்புவார்கள். நாலு நாட்டுக்காரர் கூடும் கூட்டத்தை மார்ச் நடுவிலும் ஒக்ரோபர் முடிவிலும் வைக்காமல் விடுவதே சுகம்.

அடுத்தது எழுத்துச் சுருக்கம். கனடாக்காரர் பழக்கதோஷத்தில் ஜூலையிலும் "ஈ.எஸ்.ரி." என்று எழுதுவார்கள். அது இயல்பு நேரத்தின் பெயர், கோடைக்கு "ஈ.டி.ரி." என்று எழுத வேண்டும். அவர் எழுதியதை அப்படியே நம்பிக் கணக்கிட்டால் ஒரு மணித்தியாலம் பிந்திப் போய் நிற்பீர்கள். தொலைபேசியில் உலக நேரம் வைக்கும்போது "கழித்தல் 5" என்ற எண்ணைத் தெரிவு செய்யாமல் ரொறன்ரோ என்ற ஊர்ப் பெயரைத் தெரிவு செய்யுங்கள். ஊர்ப் பெயருக்குள் மாற்றத் திகதிகள் எல்லாம் அடங்கியிருக்கும். எண்ணுக்கு அந்த அறிவு கிடையாது. தொலைபேசி தானாகவே மாறும். சுவர் மணிக்கூடும் அடுப்பு மணிக்கூடும் கையால் திருப்பும்வரை மாறாது; அம்மம்மாவின் அறையில் தொங்கும் "கனடா நேரம்" மணிக்கூடு மே மாதம் வரை குளிர்காலத்திலேயே நிற்பது இதனால்தான்.

விமானச் சீட்டில் 12ஆம் திகதி 00.15 என்று இருந்தால் விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 11ஆம் திகதி இரவு. 12ஆம் திகதி இரவு போய் நின்றவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. வந்து சேரும் நேரம் எப்போதும் சேரும் ஊரின் நேரம். ரொறன்ரோவில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி, இடைத்தங்கலோடு 22 மணித்தியாலம் எடுத்தால், அங்கே சனி இரவு 8. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் குளிர்காலக் கணக்குப்படி ஞாயிறு காலை 6.30. யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடிக்கிறவர் பாதையில் எட்டு மணித்தியாலம் வைத்துச் சனி இரவு 10 மணிக்கு முன் வெளிக்கிட வேண்டும். "வெள்ளி ஏறினால் சனி வருவார்" என்று விரலில் எண்ணினால் ஒரு நாள் வீணாகக் காத்திருக்க வேண்டும். வந்தவர் முதல் வாரம் இரவு 2 மணிக்கு விழித்துப் பகல் 2 மணிக்குத் தூங்கி விழுவார். உடல் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் நகரும். காலை வெயிலில் நடப்பது உதவும். இன்சுலின் போடுகிறவர்கள் புறப்படுமுன் நேர மாற்றத்தை வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாங்கம்

இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் பஞ்சாங்கத்துக்குள் இரண்டு வகையான நேரம் கலந்து கிடக்கிறது.

முதல் வகை வானத்தில் நடக்கும் ஒரு கணம். சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. நட்சத்திரம் முடிவதும் சங்கிராந்தியும் அப்படித்தான். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் இவற்றுக்குப் போட்டிருக்கும் நேரத்திலிருந்து 10.30 அல்லது 9.30 கழித்தால் ரொறன்ரோ நேரம் வந்துவிடும். சூரியன் மேடத்துக்குள் நுழைவது இங்கே ஏப்ரல் 14 விடியப்புறம் 2 மணி என்றால், அங்கே 13ஆம் திகதி பின்னேரம் 4.30. வருடம் அங்கே 13இலேயே பிறந்துவிட்டது.

இரண்டாவது வகை அந்தந்த ஊர்ச் சூரியனோடு கட்டுண்டது: உதயம், அத்தமனம், பிரதோஷம், இராகுகாலம். இவற்றில் எதையும் கழிக்கக்கூடாது. அங்கத்தைய சூரியனை வைத்துப் புதிதாகப் போட வேண்டும். ஞாயிறு இராகுகாலம் 4.30 முதல் 6 என்று நாள்காட்டியில் இருப்பது காலை 6க்கு விடிந்து பின்னேரம் 6க்கு இருளும் பகலை எட்டாகப் பிரித்ததில் கடைசிப் பங்கு. யாழ்ப்பாணத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். ரொறன்ரோவில் ஜூன் 21ஆம் திகதி ஒரு ஞாயிறு என்று வையுங்கள்: பகல் 927 நிமிடம், எட்டில் ஒன்று 116 நிமிடம், கடைசிப் பங்கு இரவு 7.07 முதல் 9.03 வரை. டிசம்பர் 21 என்றால் பங்கு 67 நிமிடம், பிற்பகல் 3.36க்குத் தொடங்கி 4.43க்கு முடியும். ஊர் நாள்காட்டியைப் பார்த்து அங்கே மண்டபத்தில் 6 மணிக்குப் பிறகு சடங்கு வைத்தவர் கோடையில் இராகுகாலத்துக்குள்ளேயே போய் உட்காருகிறார்.

திவசமும் விரதமும் இந்த இரண்டும் சந்திக்கும் இடம், ஏனென்றால் திதி வானத்துக் கணம், அதை ஏற்கும் நாள் ஊர்ச் சூரியனைப் பொறுத்தது. டிசம்பரில் ஒரு திதி யாழ்ப்பாணத்தில் 5ஆம் திகதி பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 6ஆம் திகதி மத்தியானம் 12.30க்கு முடிகிறது என்று வைப்போம். இங்கே சூரியன் எழும்போது அந்தத் திதி நிற்பது 6ஆம் திகதி. ரொறன்ரோவில் அதே திதி 5ஆம் திகதி விடியப்புறம் 3.30க்குத் தொடங்கி 6ஆம் திகதி விடியப்புறம் 2 மணிக்கு முடிந்துவிடும்; அங்கே உதயத்தில் நிற்பது 5ஆம் திகதி. உதயத் திதியை எடுக்கும் விரதம் இரண்டு ஊரிலும் இரண்டு திகதியில் வருவது பிழையல்ல, அதுதான் சரி. திவசத்துக்குப் பிற்பகலில் நிற்கும் திதியைப் பார்ப்பார்கள்; அதை அங்கத்தைய குருக்களிடம் கேட்பது நல்லது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிவிலேயே வித்தியாசம் இருக்கும், ஆகவே குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நல்லூர்க் கொடியேற்றத்தையும் தேரையும் நேரலையில் பார்ப்பது வேறு கதை, அதற்கு வெறும் கழித்தல்தான்: இங்கே காலை 7 மணிக்குத் தேர் நகர்ந்தால் அங்கே முதல்நாள் இரவு 9.30.

கடைசியாகச் சாதகம். 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாறும். அதை ஒன்பதாகப் பிரித்த நவாம்சம் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. அரை மணித்தியாலம் பிழைத்தால் நவாம்சம் இரண்டு கட்டம் தள்ளிப்போகும், இலக்கினமே மாறிவிடவும் கூடும். 1996 மே 25 முதல் ஒக்ரோபர் 25 வரை பிறந்தவர்களுக்குக் குறித்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலமும், ஒக்ரோபர் 26இலிருந்து 2006 ஏப்ரல் 14 வரை பிறந்தவர்களுக்கு அரை மணித்தியாலமும் கழித்தால் இன்றைய 5.30 கணக்குக்கு வரும். இது யாழ்ப்பாணத்தில் "புதிய நேரம்" பார்த்துக் குறித்திருந்தால் மட்டும். வன்னியில் பிறந்தவருக்கும், வீட்டார் பழைய நேரத்தையே எழுதி வைத்தவருக்கும் கழிக்கக்கூடாது. கணினி மென்பொருளில் இலங்கை என்று போட்டதும் அது தானாகவே கழித்துவிடும். வன்னிப் பிள்ளையின் சாதகம் அங்கே பிழைக்கிறது. அப்படியானால் ஊரை இலங்கை என்று விட்டுவிட்டு, நேர வலயத்தை 5.30 என்று கையால் போட வேண்டும். ரொறன்ரோவில் கோடையில் பிறந்த பிள்ளைக்கு மென்பொருள் கோடை நேரத்தைக் கழித்ததா என்று பாருங்கள், கையால் கணிக்கிறவரிடம் ஒரு மணித்தியாலம் கழிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். குறிப்பு எழுதும்போது திகதி, மணிக்கூட்டு நேரம், ஊர், அது பழைய நேரமா புதிய நேரமா கோடை நேரமா என்ற நாலையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டுச் சாத்திரியாரும் பெண் வீட்டுச் சாத்திரியாரும் இரண்டு வெவ்வேறு சாதகத்தை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்க மாட்டார்கள்.